முதலில் விட்டு முடியுங்கள்
மூச்சுப் பயிற்சி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மூச்சுப் பயிற்சி பற்றி வந்த கடிதங்களில், புதிதாகத் தொடங்கியவர்கள் எழுதியவற்றை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டேன். பல ஆண்டுகள் பழகியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். உங்கள் கேள்விகள் ஒரு மாதம் காத்திருந்தால் ஒன்றும் ஆகாது. தவறாகத் தொடங்கியவர்களை அப்படிக் காக்க வைக்க முடியாது. 22 ஆண்டுகளாக இதைக் கற்றுக்கொடுத்து வருகிறேன். என்னிடம் வருகிறவர்கள் பலருக்கும் முதல் மாதம் புதிதாக எதையும் சொல்லித்தர முடிவதில்லை. வேறெங்கோ கற்று வந்த முடிச்சுகளை அவிழ்ப்பதிலேயே அந்த மாதம் போய்விடுகிறது.

அம்மா, எனக்கு வயது 47. மூன்று வாரங்களாகக் காணொளி பார்த்து மூச்சுப் பயிற்சி செய்கிறேன். ஆழமாக இழுத்து, வேகமாக விட்டு, உடனே அடுத்ததை இழுக்கச் சொல்கிறார்கள். ஐந்து நிமிடத்துக்குள் தலை சுற்றுகிறது. விரல் நுனிகளிலும் உதட்டைச் சுற்றியும் ஊசி குத்துவதுபோல் இருக்கிறது. ‘உடலில் சக்தி பாய்வதன் அடையாளம் அது, நிறுத்தாமல் தொடருங்கள்’ என்கிறார் கற்றுத்தருபவர். எனக்குப் பயமாக இருக்கிறது. எல்லோராலும் முடிகிறது, என்னால் மட்டும் ஏன் முடியவில்லை?
— ஒரு வாசகி

இன்றே நிறுத்திவிடுங்கள். உங்கள் பயம் சரியான பயம். உங்கள் உடல் சொல்வதைத்தான் அது சொல்கிறது.

நடப்பது இதுதான். மூச்சை வேகவேகமாகவும் ஆழமாகவும் விடும்போது, இரத்தத்தில் இருக்க வேண்டிய கரியமில வாயு தேவைக்கு மேல் வெளியேறிவிடுகிறது. கரியமில வாயு வெறும் கழிவு என்றே நாம் படித்திருக்கிறோம். ஆனால் இரத்தத்தின் காரத்தன்மை ஏறிவிடாமல் காப்பது அதுதான். மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் தேவையான அளவு விரிந்திருப்பதும் அதனால்தான். அது குறைந்தால் அந்தக் குழாய்கள் சுருங்குகின்றன; மூளைக்குப் போகும் இரத்தம் குறைகிறது; தலை சுற்றுகிறது. இரத்தத்தில் தனித்து உலவும் கால்சியமும் குறைவதால் நரம்புகள் சின்னத் தூண்டலுக்கும் துடிக்கின்றன. விரல் நுனியிலும் உதட்டோரத்திலும் நீங்கள் உணரும் ஊசிக்குத்தல் அதுதான். நிறைய ஆக்சிஜன் வேண்டும் என்று செய்கிறோம். மூளைக்கு இருந்ததும் குறைந்துவிடுகிறது.

எனக்கு இது நடந்தபோது வயது 31. ஒரு வகுப்பில் முப்பது பேரை உட்கார வைத்து வேகமூச்சு செய்ய வைத்தார்கள். பத்தாவது நிமிடம் என் இரு கைவிரல்களும் தாமாக உள்ளே மடங்கி இறுகிக்கொண்டன. விரிக்க முயன்றேன், முடியவில்லை. ‘மிக நல்லது, தொடருங்கள்’ என்று ஒரு குரல் கேட்டது. வீட்டுக்கு வந்து, என்னிடம்தான் ஏதோ குறை என்று அழுதேன். உங்கள் கடிதத்தின் கடைசி வரியைப் படித்தபோது அந்த மாலை நினைவுக்கு வந்தது. அதனால் அழுத்திச் சொல்கிறேன்: குறை உங்களிடம் இல்லை.

சில வாரம் கழித்து வயதான ஓர் ஆசிரியையிடம் போனேன். அவர் எதையும் செய்யச் சொல்லவில்லை. ‘மூச்சை விடு, நான் பார்க்கிறேன்’ என்றார். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, ‘நீ இன்னும் விட்டு முடிக்கவில்லையே. அதற்குள் அடுத்ததை இழுத்துவிட்டாய்’ என்றார். ஆறு வாரம் எனக்கு அந்த ஒரு பாடம்தான். இன்று என்னிடம் வருகிறவர்களுக்கு முதல் பாடமும் அதுதான்.

நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள். தரையில் விரிப்பைப் போட்டு மல்லாந்து படுங்கள். முழங்கால்களை மடக்கி, பாதங்கள் தரையில் பதியட்டும். தலைக்கு மெல்லிய தலையணை போதும். ஒரு கை மார்பில், ஒரு கை தொப்புளுக்குச் சற்று மேலே. முதல் மூன்று நாள் எதையும் மாற்ற வேண்டாம். எந்தக் கை முதலில் எழுகிறது, எந்தக் கை அதிகம் எழுகிறது என்று மட்டும் பாருங்கள். பெரும்பாலும் மார்புக் கைதான் முந்தும். அதைத் திருத்த வயிற்றை வலிந்து உப்ப வைக்காதீர்கள். நான் பார்க்கும் தவறுகளில் மிகுதியானது இதுதான். வயிற்றுத் தசையால் முட்டித் தள்ளினால் வயிறு மேலே வரும், மூச்சு வராது.

நான்காம் நாளிலிருந்து வெளிமூச்சைக் கவனியுங்கள். மூக்கு வழியாகவே, பக்கத்தில் உறங்கும் குழந்தையின் தூக்கம் கலையாத அளவு மெதுவாக விடுங்கள். விலா எலும்புகள் கீழே இறங்கி ஒன்றையொன்று நெருங்குவது கைக்குத் தெரியும். முடிந்தது என்று தோன்றும்போது, இழுக்காமல் ஒரு கணம் இருங்கள். உள்மூச்சு தானே வரும். நீங்கள் இழுத்த மூச்சுக்கும் தானாக வந்த மூச்சுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு முறை உணர்ந்துவிட்டால் போதும். பாதித் தூரம் வந்துவிட்டீர்கள். தானாக வரும் மூச்சு வயிற்றுப் பக்கம் இறங்கும். மார்புக்கும் வயிற்றுக்கும் இடையில் குடைபோல் கவிந்திருக்கும் உதரவிதானம் என்ற தசை கீழே இறங்குவதால் அப்படி ஆகிறது. அந்தத் தசைக்கு இந்த வேலையை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. நாம் குறுக்கே நிற்காமல் இருந்தால் அது செய்யும்.

ஒரு நாளுக்கு இரு முறை, முறைக்கு ஐந்து நிமிடம். அதற்கு மேல் வேண்டாம். இரண்டாம் வாரத்தில் எண்ணத் தொடங்கலாம்: உள்ளே நான்கு, வெளியே ஆறு. எண்ணிக்கை முடிந்ததும் காற்றுக்குத் தவித்து ஒரு மடக்கு இழுக்கத் தோன்றினால் எண்ணிக்கை உங்களுக்கு நீளம். மூன்று, நான்கு என்று குறையுங்கள். பயிற்சி முடிந்த அடுத்த நொடியில் பக்கத்தில் இருப்பவரிடம் சாதாரணக் குரலில் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். இதைவிட நம்பகமான அளவுகோல் எனக்குத் தெரியாது. மூன்றாம் வாரம் சுவரில் முதுகு சாய்த்து உட்கார்ந்து செய்யுங்கள். அது பழகிய பிறகு சாயாமல் உட்காரலாம்.

பயிற்சியை நிறுத்திய பிறகும் தலைசுற்றல் வந்தாலோ, மார்பு வலி, படபடப்பு இருந்தாலோ மருத்துவரைப் பாருங்கள். இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். உங்கள் வீட்டில் நீந்துகிறவர்கள் இருந்தால், தண்ணீருக்குள் மூழ்கும் முன் இந்த வேகமூச்சைச் செய்ய ஒருபோதும் விடாதீர்கள். ‘மூச்சு வேண்டும்’ என்று மூளைக்கு எச்சரிக்கை கொடுப்பது கரியமில வாயுதான். அதை முன்பே வெளியேற்றிவிட்டால் எச்சரிக்கை வருவதற்குள் நினைவு தப்பிவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இப்படி இறந்திருக்கிறார்கள்.

ஒரு நிமிடத்துக்கு ஆறு மூச்சு போதும் என்று எழுதியிருந்தீர்கள். நாம் சாதாரணமாகப் பன்னிரண்டுக்கு மேல் விடுகிறோமே. பாதியாகக் குறைத்தால் ஆக்சிஜனும் பாதியாகிவிடாதா? நான் கணக்கு ஆசிரியர், கணக்கு உதைக்கிறது.
— ஒரு வாசகர்

கணக்கு ஆசிரியருக்குக் கணக்காகவே பதில் சொல்கிறேன்.

ஓய்வாக இருக்கும் பெரியவர் ஒருவர் ஒரு மூச்சில் ஏறக்குறைய 500 மில்லி லிட்டர் காற்றை உள்ளே இழுக்கிறார். அதில் சுமார் 150 மில்லி லிட்டர் மூக்கு, தொண்டை, மூச்சுக் குழாய் ஆகியவற்றிலேயே தங்கி, நுரையீரலின் காற்றறைகளைச் சேராமலே வெளியே திரும்பிவிடுகிறது. பயன்படுவது 350. நிமிடத்துக்கு 12 மூச்சு என்றால் உள்ளே போனது 6 லிட்டர், பயன்பட்டது 4.2 லிட்டர். இப்போது மெதுவாக, நிமிடத்துக்கு ஆறே மூச்சு, ஒவ்வொன்றும் 1000 மில்லி லிட்டர் என்று வையுங்கள். உள்ளே போனது அதே 6 லிட்டர். வீணாகும் 150 ஆறு முறைதான் வீணாகிறது. ஆகவே பயன்பட்டது 5.1 லிட்டர். அதே காற்று, கூடுதல் பயன்.

ஆனால் இதைப் படித்துவிட்டு, ஆக்சிஜனுக்காகத்தான் இந்தப் பயிற்சி என்று எண்ண வேண்டாம். நலமாக இருப்பவரின் இரத்தம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே 95 விழுக்காட்டுக்கு மேல் ஆக்சிஜன் ஏற்றிக்கொண்டுதான் ஓடுகிறது. அங்கே ஏற்ற அதிக இடமில்லை. பலன் வேறிடத்தில் கிடைக்கிறது. உள்மூச்சின்போது இதயத் துடிப்பு சற்று விரைகிறது; வெளிமூச்சின்போது சற்றுத் தணிகிறது. மூளையிலிருந்து இதயத்துக்கும் வயிற்றுக்கும் இறங்கும் வேகஸ் நரம்பின் வேலை அது. நாடியில் விரலை வைத்துக்கொண்டு நீளமாக மூச்சு விட்டுப் பாருங்கள். பலருக்கு விரலிலேயே தெரியும். வெளிமூச்சு நீண்டால் தணியும் நேரம் நீள்கிறது. நான்குக்கு ஆறு என்று நான் சொல்வது அதனால்தான். எண்ணிக்கை நொடிக்கு ஒன்றாக இருந்தால் ஒரு சுற்று பத்து நொடி. நிமிடத்துக்கு ஆறு சுற்று. உங்கள் ஆறு அங்கிருந்து வருகிறது.

எனக்குச் சிறுவயது முதல் ஆஸ்துமா. மூச்சுப் பயிற்சி தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது. நல்ல முன்னேற்றம் தெரிகிறது. இன்ஹேலரை நிறுத்திவிடலாமா? கற்றுத்தருபவர் நிறுத்தலாம் என்கிறார்.
— 29 வயது வாசகர்

கூடாது.

இந்த ஒரு சொல்லோடு பதிலை முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் காரணம் தெரியாமல் கேட்டுக்கொள்வது நிற்காது. ஆஸ்துமாவில் மூச்சுக் குழாய்களின் உட்சுவர் அழற்சியால் வீங்கியிருக்கிறது. தினமும் எடுக்கச் சொல்லும் மருந்து அந்த வீக்கத்தை அடக்குகிறது. மூச்சுப் பயிற்சி உங்கள் பதற்றத்தைக் குறைக்கும், வீணாக மூச்சு வாங்குவதைக் குறைக்கும், அன்றாடத்தை எளிதாக்கும். உங்கள் முன்னேற்றம் உண்மையானது. அதில் எனக்கும் மகிழ்ச்சி. ஆனால் வீக்கத்தின் மேல் அதற்குப் பிடி இல்லை. மருந்தை நிறுத்தினால் முதல் சில நாள் எதுவும் தெரியாமலே போகலாம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. அளவைக் குறைப்பதா என்பதை உங்கள் மருத்துவர், உங்கள் மூச்சை அளந்து பார்த்துச் சொல்லட்டும். பயிற்சி செய்யும் இடத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இன்ஹேலர் இருக்கட்டும். மருந்தை நிறுத்தச் சொன்னவரிடம் இனிக் கற்காதீர்கள்.

வயது 62. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். சென்ற ஆண்டு குடலிறக்க அறுவை சிகிச்சை நடந்தது. கபாலபாதி செய்தால் தொப்பை குறையும் என்கிறார்கள். எத்தனை முறை செய்யலாம்?
— ஒரு வாசகர்

ஒரு முறைகூட வேண்டாம், ஐயா. கபாலபாதியில் மூச்சை வேகமாக வெளியே தள்ள வயிற்றை வெட்டி வெட்டி உள்ளே இழுக்கிறோம். ஒவ்வொரு வெட்டுக்கும் வயிற்றுக்குள் அழுத்தம் ஏறுகிறது. உயர் இரத்த அழுத்தம், குடலிறக்கம், இதய நோய், வலிப்பு, கண் நீர் அழுத்தம் உள்ளவர்களும் கருவுற்றவர்களும் அதைத் தவிர்க்க வேண்டும். உங்களுக்கு இரண்டு காரணங்கள் இருக்கின்றன. மூச்சை வேகவேகமாக இழுத்து விடும் பஸ்திரிகாவுக்கும் இதே பதில்தான். முதல் வாசகிக்குச் சொன்ன படுத்த நிலைப் பயிற்சி உங்களுக்கு ஏற்றது. மூச்சை அடக்குவதை மட்டும் தொடவே தொடாதீர்கள். தொப்பைக்கு நடங்கள்.

இரு மூக்குத் துளைகளாலும் மாறி மாறி மூச்சு விடும் நாடிசுத்தி செய்ய உட்காரும்போதெல்லாம் ஒரு பக்க மூக்கு அடைத்திருக்கிறது. காலையில் வலது, மாலையில் இடது. ஏதாவது நோயா?
— ஒரு கல்லூரி மாணவி

நோய் இல்லை, அம்மா. மூக்கின் உட்சுவர் ஒரு பக்கம் சற்றுப் புடைத்தும் மறுபக்கம் வற்றியும் சில மணி நேரத்துக்கு ஒரு முறை மாறி மாறி இயங்குகிறது. பலருக்கும் அப்படித்தான், நீங்கள் கவனித்துவிட்டீர்கள், அவ்வளவுதான். அடைத்த பக்கம் வழியாக முக்கி இழுக்காதீர்கள். அன்று இரு துளைகளாலும் மெதுவாக மூச்சு விட்டுவிட்டு எழுந்துவிடுங்கள். எப்போதும் ஒரே பக்கம்தான் அடைக்கிறது என்றால் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் காட்டலாம்.

உடலசைவோடு சேர்த்துச் செய்யும்போது எப்போது இழுப்பது, எப்போது விடுவது என்று குழம்பிவிடுகிறேன். மனப்பாடம் செய்துபார்த்தேன், நடுவில் மாறிவிடுகிறது. ஏதாவது சூத்திரம் உண்டா?
— ஒரு வாசகி

மனப்பாடம் வேண்டாம். மார்புக் கூட்டுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் போதும். கைகளை உயர்த்தும்போதும் முதுகைப் பின்னே வளைக்கும்போதும் விலா எலும்புகள் விரிகின்றன. அங்கே காற்றுக்கு இடம் பிறக்கிறது, அதனால் உள்ளே. முன்னால் குனியும்போதும் முழங்காலை மார்புக்குக் கொண்டுவரும்போதும் வயிறு அமுங்கி, உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது, அதனால் வெளியே. உடலைத் திருகும்போதும் வெளியேதான்.

எடை தூக்கும்போது மட்டும் இதை மறந்துவிட்டு ஒன்றே ஒன்றை நினைவில் வையுங்கள்: பாரம் அழுத்தும் கணத்தில் மூச்சு வெளியே போய்க்கொண்டிருக்க வேண்டும். மூச்சை அடக்கி முக்கினால் இரத்த அழுத்தம் சட்டென்று எகிறும்.

வரிசையில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. மூச்சை முதலில் தொடங்குங்கள், அசைவு அதன் பின்னால் வரட்டும். அசைவு நின்ற பிறகும் மூச்சு ஒரு துளி மீந்திருக்கட்டும். அதாவது கையை உயர்த்திவிட்டு மூச்சை இழுப்பதில்லை; மூச்சு வரத் தொடங்கியதும் கை எழுகிறது. இப்படி நாலைந்து முறை கைகளை ஏற்றி இறக்கிப் பாருங்கள். உங்கள் அசைவுகள் இதுவரை எவ்வளவு வேகமாக இருந்தன என்பது உடனே தெரியும். குழப்பத்துக்குப் பெரும்பாலும் வேகம்தான் காரணம். மூச்சு மாறிவிட்டால் பதறாமல், அடுத்த அசைவைத் தொடங்காமல் நின்று, ஒரு முழு மூச்சு விட்டுவிட்டுத் தொடருங்கள்.

அம்மா, நான்கு மாதமாக நான்குக்கு ஆறு என்றே செய்துகொண்டிருக்கிறேன். திருமந்திரத்தில் பதினாறு எண்ணிக்கை இழுத்து, அறுபத்துநான்கு அடக்கி, முப்பத்திரண்டு விட வேண்டும் என்று வருகிறதே. நான் ஏன் இன்னும் பாலபாடத்திலேயே இருக்கிறேன்? மூச்சை அடக்கும் கும்பகத்தை எப்போது தொடங்கலாம்? கடிகாரத்தை வைத்து முயன்றேன். அடக்குவதில் முப்பதைத் தாண்டவில்லை, கண் இருண்டது.
— 38 வயது வாசகர்

நான்கு மாதம் ஒரே பயிற்சியில் நின்றதற்கு முதலில் என் வணக்கம். அது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். கண் இருளும்வரை அடக்கியதை மட்டும் இனிச் செய்யாதீர்கள்.

திருமூலர் அந்தக் கணக்கைச் சொல்வது உண்மைதான். ஈரெட்டு, அறுபத்து நாலு, முப்பத்திரண்டு. ஆனால் அதை நொடி முள்ளால் அளந்தால் ஒரு சுற்றுக்கு 112 நொடி; ஏறக்குறைய இரண்டு நிமிடத்துக்கு ஒரே மூச்சு. பழைய கணக்கு மாத்திரைக் கணக்கு. ஒரு மாத்திரை எவ்வளவு என்று தொல்காப்பியம் சொல்கிறது: கண் இமைக்கும் நேரம், விரல் நொடிக்கும் நேரம். அது கடிகாரத்தின் ஒரு நொடியைவிடக் குறைவு. விரலைச் சொடுக்கிச் சொடுக்கி எண்ணிப் பாருங்கள். அறுபத்துநான்கு எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்று தெரியும். அப்படிப் பார்த்தாலும் அது தொடக்கக்காரருக்குச் சொன்னதில்லை. எட்டுப் படிகள் கொண்ட அட்டாங்க யோகத்தில் இயமம், நியமம், ஆசனம் என்ற மூன்று படி ஏறிய பிறகே பிராணாயாமம் வருகிறது. ஹட யோகப் பிரதீபிகை என்ற பழைய யோக நூல் இன்னும் கண்டிப்பானது. சிங்கத்தையும் யானையையும் புலியையும் பழக்குவதுபோல் மூச்சை மெல்ல மெல்லப் பழக்க வேண்டும், இல்லையேல் அது பழகுபவனையே கொல்லும் என்கிறது. அவசரப்பட்டவர்களைக் கண்ணால் பார்த்தவர்கள்தாம் அப்படி எழுதியிருக்க முடியும் என்று நான் நினைக்கிறேன்.

பாலபாடம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல் எனக்கு வருத்தமாக இருந்தது. 22 ஆண்டுக்குப் பிறகும் ஒவ்வொரு நாளும் நான் உட்கார்ந்ததும் முதலில் செய்வது அந்த நான்குக்கு ஆறுதான். உடல் நலமில்லாத நாட்களில் அதை மட்டுமே செய்கிறேன். மேலே ஏறிய பிறகு தள்ளிவிடும் ஏணியாக அது எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

கும்பகத்தைப் பற்றி ஒன்று கேட்கிறேன். வெளிமூச்சு முழுதாக முடிந்த பிறகு, உள்மூச்சு வரத் தொடங்கும் முன் ஒரு சிறிய அமைதி உங்களுக்கு வருகிறதா? நாம் எதையும் பிடித்து வைக்காமல், தொண்டை இறுகாமல், வயிறு கெட்டியாகாமல், மூச்சுக்கு அவசரமே இல்லாமல் நிற்கும் ஓர் இடைவெளி. கண் விழித்த உடனே, படுக்கையிலேயே பாருங்கள். அப்போது எளிதில் தெரியும். எனக்கு அது முதன்முதலில் வந்தது மூன்றாம் மாதத்தில், மழை பெய்துகொண்டிருந்த ஒரு விடியற்காலையில். வந்ததைக் கவனித்த உடனே போய்விட்டது. பிறகு ஒன்பது நாள் வரவில்லை.

கடிகாரத்தை வேறு அறையில் வைத்துவிடுங்கள். அடுத்த மூன்று மாதமும் நான்குக்கு ஆறுதான். அந்த இடைவெளி வந்தால் நீட்டாதீர்கள். எத்தனை எண்ணிக்கை என்று அளக்கவும் வேண்டாம். வந்ததா, வரவில்லையா என்று மட்டும் எனக்கு எழுதுங்கள். கும்பகத்தைப் பற்றி அதன் பிறகு பேசுவோம்.